பாறசாலைக் குளத்தில் நாலாவது ஆள்

என் தலையணைக்குள் மூன்று படி அரிசி இருந்தது. பஞ்சில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, அரிசியைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அம்மா. அந்த வருஷங்களில் திருநெல்வேலிக்காரன் திருவிதாங்கூர் பக்கம் போவதென்றால் வெளிநாட்டுப் பயணம் மாதிரிதான். எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டையை அவிழ்ப்பார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். நானோ நகராட்சியில் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊரார் சாக்கடையை முகர்ந்து பார்த்து நோட்டீஸ் கொடுத்துப் பிழைப்பவன். எனக்கு இந்தத் திருட்டு வேலை.

சாவடிக்காரர் தலையணையை ஓர் அமுக்கு அமுக்கினார். "என்ன சார், உள்ளே கல்லா?"

"கழுத்து வலி. டாக்டர் கெட்டித் தலையணைதான் வைக்கணும்னு சொல்லியிருக்கார்."

என் வெள்ளைச் சட்டையையும் பூட்ஸையும் பார்த்து நம்பிவிட்டார். அடுத்த ஊர் வரும்வரை நான் தலையணையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அரிசி ஒரு சாக்குதான். அம்மா அனுப்பியது என் தங்கை எஸ்தரையும் அவள் மகள் லில்லியையும் கூட்டிவர. எஸ்தரைப் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனதற்காக மாப்பிள்ளையை மூன்று மாதமாகச் சிறையில் வைத்திருந்தார்கள். போன ஐப்பசியில், அவர்கள் சொல்லும் துலா மாத மழையில், லில்லிக்கு டைபாய்டு வந்து, பிழைத்ததே பெரிய காரியம். இப்போது வைகாசி. இன்னும் ஒரு வாரத்தில் அங்கே இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிடும்.

"ஏல, அதுக ரெண்டையும் கூட்டிட்டு வராம நீ மட்டும் வந்து நின்னேன்னா வீட்டு நடை ஏறாத" என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

புதன்கிழமை மத்தியானம் பாறசாலையில் இறங்கி, காரோட்டுப் பக்கம் போகும் மண்ரோட்டில் தலையணையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் பக்கம் பனையைத் தவிர நிழல் கிடையாது. இங்கே மேலே பார்த்தால் வானம் தெரிவதே அபூர்வம். தென்னை, பலா, அயனி, கீழே மரச்சீனி என்கிற மரவள்ளி, அதற்கும் கீழே சேம்பு. மனுஷன் நடக்க மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டே போனவனை ஒரு வாடை மூக்கில் அறைந்து நிறுத்தியது. வாடையைப் பிரித்துச் சொல்வது என் தொழில். அழுகிய கதம்பை, அதாவது தேங்காய் மட்டை. மீன் செதில். வாழைத்தண்டு. அடியில் நாள்பட்ட சேறு.

எஸ்தரின் வீட்டுக்கு எதிரே குளம். குளம் என்று அவர்கள் சொன்னதால் நானும் சொல்கிறேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே ஆகாயத்தாமரை, கரையோரமெல்லாம் எச்சில் இலையும் உடைந்த சட்டியும் பலாச்சக்கைத் தோலும்.

லில்லி வாசலில் நின்றாள். காய்ச்சலில் கொட்டிய முடி இன்னும் காதைத் தொடவில்லை. "மாமா, நீங்க எப்பம் போவிய?" என்றாள். வந்தவனிடம் கேட்கிற முதல் கேள்வியா இது என்று எஸ்தர் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை சரியாகத்தான் கேட்டாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியும் காந்தாரி மிளகு என்னும் சின்னப் பச்சைமிளகாய் அரைத்த துவையலும் வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வீட்டில் அரிசிப் பானை காலி. தலையணையைப் பிரித்து அரிசியைக் கொட்டியதும் அவள் செய்த முதல் காரியம், அதில் ஒரு பிடி அள்ளி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போட்டது.

"அது எதுக்கு?"

"பிடியரிசியாக்கும் அண்ணே. சபைக்கு."

அந்தப் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் இது வழக்கம். உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சபைப் பெண்கள் நாலைந்து பேர் வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவார்கள். எஸ்தர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவியாம். கிழங்கு தின்று அரிசியைக் கொடுக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

"திங்கக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பு. அம்மா சொல்லிட்டா" என்றேன்.

"அவரு வெளிய வரும்போ வீட்டுல ஆளு வேண்டாமா?"

"இந்த நாத்தத்துல இன்னொரு மழை வந்தா பிள்ளை இருக்காது பாத்துக்கோ."

சொன்ன பிறகுதான் என் வார்த்தை எனக்கே சுட்டது. அவள் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தின் வடக்கு மூலையைக் காட்டினாள். மறுகால் அங்கேதான். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே ஓடுகிற வாய். அதில் ஆள் உயரத்துக்குக் கதம்பை அடைத்துக் கிடந்தது. போன மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் இந்தக் கரை ஏறி அவர்கள் கிணற்றில் விழுந்திருக்கிறது. லில்லிக்குக் காய்ச்சல் வந்த கதை அதுதான்.

"சனிக்கிழமை ஊர் சேர்ந்து குளத்தை வாரப் போறோம். இது திறந்தாச்சுன்னா நான் இஞ்ச இருப்பேன். திறக்கல்லன்னா நானே பெட்டியைக் கட்டிட்டு உங்ககூட வாறேன். அவருக்க வீட்டைப் பூட்டிட்டு வாறேன். போதுமா?"

போதும் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரும் தானாகச் சேர்ந்து குளம் வாரி நான் பார்த்ததில்லை. என் வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வியாழக்கிழமை காலையில் மேற்குக் கரையில் இருந்த சாயாக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பரமேஸ்வரன் பிள்ளை மலையாளம் பேசுகிறவர். ஐக்கிய கேரளக் கட்சி. கடைச் சுவரில் அதற்கான நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆனால் எஸ்தரின் அண்ணன் என்றதும் புட்டுக்கு இன்னொரு கரண்டி பயறு தாராளமாகப் போட்டார். குளம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"முன்பெல்லாம் வருஷா வருஷம் வாருவோம்" என்றார், எனக்குப் புரியும்படி நிதானமான மலையாளத்தில். "இந்த எல்லைச் சண்டை வந்தது. இது எங்களுக்கு என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள், எங்களுக்கு என்று நாங்கள் சொன்னோம். யாருக்குக் கிடைக்கிறதோ அந்த சர்க்கார் வாரட்டும் என்று இரண்டு கரையும் குப்பையைப் போட ஆரம்பித்தோம்."

"நீங்களுமா?"

"நான் டீத்தூள் மட்டும்தான்" என்றார்.

என்னை உத்தியோகத் திமிர் விடவில்லை. ஊரார் எதற்கு, அரசாங்கத்தை வைத்தே வேலையை முடிக்கிறேன் என்று நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். வழியில் ஒரு கூட்டம் பஸ்ஸை மறித்து, தமிழுக்கு ஜே போட்டால்தான் விடுவோம் என்றது. பஸ் முழுக்க ஜே போட்டது. இரண்டு மைல் தாண்டி இன்னொரு கூட்டம், இது கேரளத்துக்கு. அதற்கும் அதே பஸ் அதே தொண்டையில் ஜே போட்டது. எனக்குப் பக்கத்தில் வாழைக்குலையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு இடத்திலும் கண்ணைத் திறக்காமலே சொன்னார். கடைசியில் என்ஜின் கிளம்ப மறுத்துவிட்டது. மறித்தவர்களே சேர்ந்து தள்ள வேண்டியதாயிற்று. கண்டக்டர் படியில் நின்று, "ஒத்துப் பிடிங்கோ, ஒத்துப் பிடிங்கோ" என்று அவர்களை வேலை வாங்கினார்.

நான் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்த ஊர் நாளைக்கு மதராஸுக்குப் போய்விட்டால் நாங்கள் செலவழித்ததை யார் தருவார்கள்? எல்லை முடிவாகட்டும், எழுதிக் கொடுங்கள்" என்றார். பிள்ளை சொன்ன அதே பேச்சு. எழுதிக் கொடுத்துவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல ஆறு, தெளிந்த தண்ணீர்.

வெள்ளிக்கிழமை எஸ்தர் பிடியரிசி வாங்கப் புறப்பட்டாள். குளம் வாருகிறவர்களுக்கு இந்த வார அரிசியில் கஞ்சி வைத்துக்கொள்ளலாம் என்று உபதேசியார் சம்மதித்திருந்தார். சபையில் ஜெபம் நடத்துவதும் மணி அடிப்பதும் அவர்தான். குப்பையைக் குளத்தில் போடாமல் வீட்டுக்கு ஒரு குழி வெட்டுங்கள் என்று போன வாரமே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாளாம். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

முதல் வீட்டில் ஒரு பெரியம்மா கலயத்தை நீட்டினார். எஸ்தர் வாங்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, குப்பைக்குழி வெட்டல்லியே."

"நாளைக்கு வெட்டுதேன் மக்கா. இத வாங்கு."

"வெட்டினதுக்கப்புறம் வந்து வாங்குதேன்."

அந்த அம்மாளின் முகம் செத்துப் போயிற்று. "இருபது வருஷமா ஒரு வாரம் தப்பாம குடுக்குத அரிசியாக்கும் இது. எனக்க அரிசி வேண்டாம்னு சொல்லுதியா?"

"அரிசி வேணும் அக்கா. குழியும் வேணும்."

அவ்வளவுதான். அடுத்த வீடு. அங்கே குழி இருந்தது, வாங்கினாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அந்தப் பெரியம்மாவே மண்வெட்டியோடு வேர்த்து விறுவிறுத்து நின்றார். இடுப்பளவு குழி. எஸ்தர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, அரிசியைத் தன் முந்தியில் வாங்கினாள். நான் அபராதம் போடுவேன் என்று நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதம் நடந்தாலும் எங்கள் ஊரில் ஒரு குழி விழாது. பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மேற்குக் கரையில் பிள்ளையின் மனைவி குழி வெட்டி வைத்துவிட்டு வழியிலேயே காத்திருந்தார். கையில் ஒரு நாழி அரிசி. "நாங்கள் சபை இல்லை என்றால் எங்கள் அரிசி வேகாதா?" என்று மலையாளத்தில் சண்டைக்கு வந்தார். எஸ்தர் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். பதிலைப் படபடவென்று மலையாளத்தில் சொன்னாள், அந்த வேகம் எனக்குப் புரியவில்லை.

சாயங்கால ஜெபத்தில் உபதேசியார், "நாளை விடிந்ததும் மணி அடிப்பேன், எல்லாரும் மண்வெட்டி கடவத்தோடு குளத்தங்கரைக்கு வர வேண்டும்" என்று அறிவித்தார். கடவம் என்றால் ஓலைக்கூடை. கேட்டவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆண்கள் யாரும் ஜெபத்துக்கு வரவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வானம் கறுத்துக் கிடந்தது. மணி அடித்தது. பெண்கள் வந்தார்கள். பெரியம்மா வந்தார். பிள்ளையும் மேற்குக் கரைக்காரர்கள் சிலரும் வந்தார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் இருந்த கிழக்குக் கரையிலிருந்து ஒரே ஒரு ஆண்பிள்ளையும் வரவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. உபதேசியார் மறுபடியும் ஓடிப்போய் இன்னும் பலமாக அடித்தார்.

எஸ்தர் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, நேரம் கெட்ட நேரத்துல மணி கேட்டா ஆணுங்க ஓடணும்னு நாமதானே சொல்லி வச்சிருக்கோம்."

கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு. ஆராதனை நேரம் இல்லாத நேரத்தில் மணி அடித்தால் போலீஸ் வருகிறது என்று அர்த்தம். ஆண்கள் அத்தனை பேரும் மரச்சீனித் தோட்டங்களுக்குள் புகுந்துவிடுவார்கள். போலீஸுக்குப் பயந்து ஜெபத்துக்கு வராதவர்களுக்கு இன்றைய மணி வேறு மணி என்று யார் சொல்வது? உபதேசியார் இரண்டாம் தடவை அடித்ததில் மிச்சமிருந்தவர்களும் ஓடியிருப்பார்கள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள்ளே வேறொன்றும் வந்தது. சரி, குளம் வாருகிற வேலை நடக்கப்போவதில்லை, திங்கட்கிழமை மூன்று டிக்கெட். அப்படி நினைத்த நிமிஷத்தில் எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். சீச்சீ என்று ஆயிற்று எனக்கு.

மணிச் சத்தத்துக்கு வந்தவர்களும் உண்டு: போலீஸ். ஓர் ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும். ஏட்டு வயதானவர், கையில் குடை. மண்வெட்டிகளைப் பார்த்தார், கடவங்களைப் பார்த்தார்.

"ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று உத்தரவு இருப்பது தெரியாதா? கலைந்து போங்கள்" என்றார் மலையாளத்தில்.

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தன் அல்லவா. நான் என் பூட்ஸைப் பார்த்தேன். எஸ்தர்தான் முன்னால் போனாள்.

"நாலு பேர் நிக்கலாமா ஏட்டு?"

"நிற்கலாம்."

"இஞ்ச ஒரு நாலு பேர், அங்க ஒரு நாலு பேர்?"

ஏட்டு யோசித்தார். நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதவில்லை போலிருக்கிறது. குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கரையைச் சுற்றித் தென்னைகள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒரு தென்னைக்கும் அடுத்த தென்னைக்கும் நடுவில் நாலு பேர்" என்றார். "ஒருவர் கூடினாலும் எழுதிக்கொண்டு போவேன்."

பெரியம்மா கிழங்குத் தோட்டங்களின் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். "எலே, புடிக்க வரல்ல, குளம் வாரத்தான் மணி. நாலு நாலு பேரா வாருங்க."

முதலில் யாரும் வரவில்லை. பிறகு இலைகளுக்கு நடுவே ஒரு தலை, இன்னொரு தலை. நாலு நாலு பேராகவே வந்தார்கள். ஏட்டு குடையை ஊன்றிக்கொண்டு எண்ணினார். கட்சி பார்த்துப் பிரிந்தபோது கணக்கு வரவில்லை. இங்கே ஐந்து, அங்கே மூன்று. ஏட்டு அதட்டினார். ஐந்தாவது ஆள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தென்னைக்குப் போனான். போன இடத்தில் போன மாதம் யாரோடு கைகலப்போ அவனே கடவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடவம் மட்டும் கை மாறியது.

நான் கரையில் நின்று அதிகாரம் செய்தேன். அதுவாவது எனக்குத் தெரியும். சேறு தென்னை மூட்டுக்கு உரமாக, ஆகாயத்தாமரை வாழைக்குழிக்கு, கதம்பை காயவைத்து அடுப்புக்கு, கண்ணாடியும் தகரமும் தனிக் குழிக்கு. குப்பை என்று வெளியே எறிய அதில் பாதிகூட இல்லை. பத்து மணிக்குக் கஞ்சி வந்தது. என் தலையணை அரிசியும் அதில் வெந்திருந்தது. சேற்றுக் கையோடு பலா இலையைக் கரண்டி மாதிரி கோட்டிக் கஞ்சியைக் கோரிக் குடித்தார்கள். ஏட்டுக்கும் ஒரு சட்டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

மத்தியானம் இடி கேட்டது. எல்லாப் பக்கமும் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது, வடக்கு மூலை மட்டும் அப்படியே கிடந்தது. எஸ்தரும் பிள்ளையும் உபதேசியாரும் இடுப்பளவு சேற்றில் நின்று மறுகாலில் இருந்து கதம்பையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கினதைக் கரைக்கு ஏற்ற ஆள் இல்லை. ஒவ்வொரு கடவத்துக்கும் எஸ்தரே ஏறி இறங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. மழைக்கு முன்னால் முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது.

ஏட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தத் தென்னையில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். சட்டப்படி இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு."

அம்மா என் கண் முன்னால் வந்து நின்றாள். நடை ஏறாத என்றாள். நான் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவசரத்தில் இன்னும் இறுகியது. கடைசியில் ஏட்டே குனிந்து இழுத்துக் கழற்றிவிட்டார்.

இருபது வருஷமாக நான் சாக்கடையைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். உள்ளே இறங்கியது அன்றுதான். சேறு குளிர்ச்சியாக இருந்தது. எஸ்தர் கடவத்தை என் தலையில் தூக்கி வைத்தாள். எத்தனை கடவம் என்று கேட்காதீர்கள். முதல் தூறல் விழுந்தபோது பிள்ளை கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினார். பெரிய கதம்பைக் கட்டி ஒன்று புரண்டது. கறுப்புத் தண்ணீர் என் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்தது.

உபதேசியார் சபைக்கு ஓடினார். மறுபடியும் மணி. இந்தத் தடவை ஒருவரும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. லில்லியும் நானும் ஒரு குடைக்குள் நின்று மறுகாலைப் பார்த்தோம். தண்ணீர் கரை ஏறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ ஒரு மகராசன் எச்சில் இலைக் கட்டோடு மேற்குக் கரைக்கு வந்தான். பிள்ளையின் மனைவி மழையிலேயே இறங்கி மலையாளத்தில் கொடுத்த வசவுக் கொடையில், கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனான். அந்த வேகத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, கேட்க மட்டும் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று எஸ்தரிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் என் தலையணையை உலர்ந்த கிழங்கு வற்றலால் நிறைத்துத் தைத்துக் கொடுத்தாள். "அம்மைக்குக் குடுங்க. அவரு வந்ததும் மூணு பேருமா வாறோம்னு சொல்லுங்க" என்றாள். பஸ் புறப்படும்போது இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. மிளகின் மேல் பழி போட வழியில்லை. சாவடியில் அதே ஆள் தலையணையை அமுக்கினார். "கழுத்து இன்னும் சரியாகலியா சார்?"

வீட்டு நடையில் அம்மா நின்றாள். எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, என் கையிலிருந்து தலையணையை வெடுக்கென்று பிடுங்கினாள். அப்போது என் உள்ளங்கை அவள் கண்ணில் பட்டது. கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கொப்புளங்கள் உடைந்து, நகக்கண்ணில் எல்லாம் கறுப்புச் சேறு.

"அங்க போயி என்னல செஞ்ச?"

"ஒரு ஆள் குறைஞ்சுச்சும்மா. நாலாவது ஆளா நின்னேன்."

அம்மா கையை விடவில்லை. நடையை விட்டு விலகி, "உள்ள வா, எண்ணெய் போடணும்" என்றாள்.